கடைசியில் ஏறிய லீடர்

போன வருஷம் புரட்டாசி மாதம் நடந்தது இது. ராஜபாளையத்திலிருந்து செட்டியார்பட்டிக்குப் போகிற வழியில், சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சின்னத் தொடக்கப் பள்ளி. பள்ளியின் பெயர் வேண்டாம், யார் பெயரும் வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, அரசு வேலை வரும் வரும் என்று காத்திருந்து நரைத்துப்போன கூட்டத்தில் நானும் ஒருத்தி. கடைசியில் மதுரையில் இருக்கும் ஒரு நிறுவனத்தில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. சின்னச் சின்னப் பள்ளிகளோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குத் தலைமைப் பண்பும் நவீன வாழ்க்கைத் திறன்களும் கற்றுக்கொடுப்பதுதான் அவர்கள் தொழில். வேலைக்குச் சேர்ந்த அன்று இதைக் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர், "ஒண்ணாப்பு பிள்ளைக்குத் தலைமைப் பண்பா? அதுக்கு இன்னும் மூக்கு சிந்தவே தெரியாதே" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மறுநாள் பஸ் ஏறினேன்.

பஸ் என்றால் ஒரு பஸ் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு ஒன்று, அங்கிருந்து பள்ளிக்கு இன்னொன்று. தோளில் ஒரு பெரிய பை. அதற்குள் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டைகள், கைப்பொம்மைகள், ஒரு ஸ்பீக்கர், சோற்று டப்பா. அந்தப் பையைத் தூக்கித் தூக்கி என் வலது தோள் இறங்கியே போய்விட்டது. பிள்ளைகளுக்குச் சோர்வை எப்படிச் சமாளிப்பது என்றுகூட ஒரு பாடம் இருக்கிறது. மூச்சை மெல்ல இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, மெல்ல விட வேண்டும். அதை நடத்தி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். பிள்ளைகள் நன்றாக இருப்பார்கள்.

எங்கள் பாடத்தில் முக்கியமானது லீடர் பேட்ஜ். வாரம் ஒரு பிள்ளைக்கு அதைக் குத்திவிடுவோம். மஞ்சள் வட்டத்தில் நட்சத்திரம் போட்ட தகர பேட்ஜ். வீட்டுக்குக் கொண்டுபோனால் தொலைந்துவிடும் என்பதால் சாயங்காலம் கழற்றி வாங்கிவிட வேண்டும், அது நிறுவனத்தின் விதி. பேட்ஜ் போட்ட பிள்ளை என்னென்ன செய்ய வேண்டும் என்று சுவரில் அட்டைகள் ஒட்டுவோம். தலைவர் மற்றவர்களை முதலில் அனுப்புவார், கடைசியில் தான் ஏறுவார் என்று ஓர் அட்டை. தலைவர் சாக்குச் சொல்ல மாட்டார் என்று ஓர் அட்டை. யாரோ ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியது. நானும் ராகம் போட்டுச் சொல்லிக்கொடுப்பேன், பிள்ளைகளும் ராகம் போட்டுத் திருப்பிச் சொல்வார்கள்.

அந்த வாரம் பேட்ஜ் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்குப் போனது. இரட்டைச் சடை, ஒல்லி உடம்பு, உடம்புக்குச் சம்பந்தமில்லாத குரல். பேட்ஜ் போடுவதற்கு முன்பே அவள் அதிகாரிதான். நான் அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தால், "டீச்சர், அட்டையைப் பாருங்க" என்று வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லுவாள். எனக்கு அவளைப் பிடிக்கும். கொஞ்சம் பயமும் உண்டு.

அதே வாரம்தான் 'முடியாது என்று சொல்லப் பழகுவோம்' பாடமும் வந்தது. உங்களுக்குச் சங்கடமாகவோ ஆபத்தாகவோ தோன்றினால் கையை முன்னால் நீட்டுங்கள், தெளிவாகச் சொல்லுங்கள், பெரியவர்களிடம் உதவி கேளுங்கள். பாடம் நல்ல பாடம்தான். பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு போன வேகம்தான் யாரும் எதிர்பார்க்காதது. மறுநாளே உப்புமாவுக்குக் கை நீட்டினார்கள். வாய்ப்பாட்டுக்குக் கை நீட்டினார்கள். ஒரு பையனின் அப்பா காலையிலேயே வந்து நின்றார். "ரேஷன் கடைக்குப் போய்ட்டு வாலேன்னா, 'எனக்குச் சங்கடமா இருக்கு'ங்கான் டீச்சர். இதுக்கா பீஸு கட்டுறோம்?" என்றார். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும் வாசலில் ஒரே சத்தம். போய்ப் பார்த்தால் வேன் நிற்கிறது, கதவு திறந்திருக்கிறது, பிள்ளைகள் ஒருவரும் ஏறவில்லை. கதவுக்கு முன்னால் நம் அதிகாரி, மஞ்சள் பேட்ஜோடு, கையை நீட்டியபடி நிற்கிறாள்.

அந்த வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கு இருந்தது அந்த ஒரு வேன்தான். நூல் மில்லைத் தாண்டி உள்ளே இருக்கும் ஓர் ஊரிலிருந்து வருகிற பிள்ளைகள் எல்லோரும் அதில்தான் அடைந்து போவார்கள். பெரிய பிள்ளைகள் மடியில் சின்னப் பிள்ளைகள், பைகளெல்லாம் மேலே. கதவை டிரைவர் வெளியிலிருந்து தோள் கொடுத்துத்தான் அடைப்பார். எல்லோருக்கும் தெரியும், யாரும் எதுவும் சொல்வதில்லை.

டிரைவர் நல்ல மனுஷன். கோபம்கூட அவருக்குச் சத்தமாக வராது. "என்னட்டி இது புதுசா? நேத்து ஏறுன வண்டிதான? நேத்து ஏறுன ஆளுகதான?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்து மூச்சு முட்டுச்சு. வளைவுல கதவு லேசாத் தொறந்துக்கிருச்சு. ஒண்ணாப்பு பிள்ளை ஒருத்தி விழப் பாத்தா, நான்தான் சட்டையப் பிடிச்சு இழுத்தேன். ஏற மாட்டோம்" என்றாள் அவள்.

டிரைவர் கதவின் கொண்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தலைமையாசிரியை என் பக்கம் திரும்பி, "நீங்கதான் ஆரம்பிச்சு வச்சீங்க டீச்சர். நீங்களே முடிச்சு வைங்க" என்றார்.

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்த நினைப்பு என் பஸ்தான். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. இன்றைக்கு மட்டும் ஏறிக்கொள்ளுங்கள் கண்ணுகளா, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அத்தனை பிள்ளைகளும் என் முகத்தையே பார்த்தார்கள்.

டிரைவர் பக்கம் திரும்பி, "இரண்டு நடையாகப் போக முடியாதா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "டீசலக்கூடப் பாக்கல டீச்சர். பிள்ளைகள எறக்கிட்டு அங்கேயே பொம்பளையாளுகள ஏத்திக்கிட்டு மில்லுக்குப் போகணும். சாயங்கால ஷிப்ட்டு. பிந்திப் போனா மில்லு கேட்ட அடைச்சிருவாங்க. அன்னிக்கு அவியளுக்கு வேலை கெடையாது."

பள்ளிக்கும் அந்த ஊருக்கும் நடுவில்தான் மில். கொஞ்ச நேரம் நின்று பேசியதில் ஒரு வழி கிடைத்தது. பாதிப் பிள்ளைகளை முதல் நடையில் கொண்டுபோய் ஊரில் இறக்குவது. வழக்கம்போலப் பெண்களை அங்கே ஏற்றிக்கொண்டு வந்து மில்லில் விடுவது. அப்படியே பள்ளிக்குத் திரும்பி வந்து மீதிப் பிள்ளைகளைக் கூட்டிப் போவது. பெண்களுக்கும் ஷிப்ட் தவறாது, பிள்ளைகளும் நெருக்கியடிக்க வேண்டாம். இரண்டாவது நடை வரும் வரை மீதிப் பிள்ளைகளோடு ஒரு பெரிய ஆள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். யார் அந்தப் பெரிய ஆள் என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எல்லோரும் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யார் முதல் நடை?" என்றதும் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். அதிகாரி எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, சின்னப் பிள்ளைகளை முதலில் ஏற்றினாள். கடைசியில் ஒரே ஓர் இடம் மிச்சம் இருந்தது. அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த அட்டை அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பின்னால் நின்ற இன்னொருத்தியைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு, "தலைவர் கடைசியில் ஏறுவார்" என்று ராகத்தோடு சொன்னாள். தலைமையாசிரியை கை தட்டினார். நானும் தட்டினேன். டிரைவர் மட்டும் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, என்னவோ சொல்ல வந்தவர் மாதிரி நின்று, பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த விஷயத்தை மதுரைக்குப் போனில் சொன்னேன். அங்கே என் மேலதிகாரிக்கு ஒரே சந்தோஷம். இதுதான் நாம் கேட்டது, அந்தப் பிள்ளை எல்லோரையும் ஏற்றிவிட்டுக் கடைசியில் நிற்பதை வீடியோ எடுங்கள், மற்ற பள்ளிகளுக்குக் காட்டலாம் என்றார். அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறேன், அதுவரை பேட்ஜ் அவளிடமே இருக்கட்டும் என்றார். எனக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. வாரம் முடிந்தும் பேட்ஜை மாற்றவில்லை. இன்னும் கொஞ்ச நாள் நீயே லீடர் என்று அவளிடம் சொன்னபோது, "சரி டீச்சர்" என்றாள். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்திருந்தேன். குதிக்கவில்லை.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அந்தப் பள்ளி வாசல்படியில் உட்கார்ந்திருப்பது என் வேலையாகிப்போனது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, காலை நீட்டிக்கொண்டு உட்காருவேன். பிள்ளைகள் மைதானத்தில் புழுதி கிளப்புவார்கள். என் பஸ் அந்தப் பக்கம் போகிற சத்தம் கேட்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் இறங்கும்போது கோபுரத்தில் விளக்குப் போட்டிருப்பார்கள். வீட்டுக்குப் போனால் ஒன்பதாவது படிக்கும் என் மகன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "வந்துட்டியா?" என்பான். அவனுக்கு வாழ்க்கைத் திறன்கள் கற்றுக்கொடுக்க எனக்குத் தெம்பு இருக்காது. தோசைக் கல்லை அடுப்பில் போட்டுவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து நிற்பேன்.

அந்த அதிகாரி மட்டும் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட மாட்டாள். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "டீச்சர், வேன் இப்ப மில்லுகிட்ட வந்துருக்குமா? இப்ப மில்ல விட்டுக் கெளம்பிருக்குமா?" என்று கேட்பாள். பொறுப்பான பிள்ளை என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் அவள் சடை ஒரு பக்கம் அவிழ்ந்து கிடந்தது. ரிப்பனை நானே கட்டிவிட்டேன். "அம்மா இதவிட இறுக்கிக் கட்டும்" என்றாள். சரி, நாளைக்கு அம்மாவிடமே கட்டிக்கொள் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவு அலுப்பு.

வீடியோ எடுக்க ஆள் வருவதற்கு முந்தின நாள். முற்பகல் நேரம். நான் வகுப்பில் இருந்தபோது, யாரோ பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார்கள். வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். தலைமுடியில், புருவத்தில், சேலை மடிப்பில் எல்லாம் பஞ்சுத் தூசி. கண் இரண்டும் சிவந்திருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சேலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு, தான் அந்த அதிகாரியின் அம்மா என்று சொன்னார்.

"நான் சண்டைக்கு வரல டீச்சர். தூங்காம வந்துருக்கேன், முன்னப்பின்னப் பேசிட்டா மனசுல வச்சுக்கிறாதீங்க" என்று ஆரம்பித்தார்.

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சாயங்கால ஷிப்ட் நடு ராத்திரியில் முடியும். பெண்களை அந்த நேரத்தில் வெளியே விட மாட்டார்கள். மில்லுக்குள்ளேயே ஒரு ஹாலில் படுக்க வைத்து, விடிந்த பிறகுதான் மில் வண்டியில் அனுப்புவார்கள். அந்த வண்டி ஊருக்குள் நுழைகிற நேரம், பள்ளி வேன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுப் போயிருக்கும். ராத்திரி பிள்ளை பக்கத்து வீட்டு அத்தையோடு படுத்துக்கொள்ளும். அப்படியென்றால் அந்த ஷிப்ட் இருக்கும்போது அம்மாவும் மகளும் பார்த்துக்கொள்வது ஒரே ஓர் இடத்தில்தான். சாயங்காலம், வேன் கதவில். மகள் இறங்குவாள், அம்மா ஏறுவார். ஏறுவதற்கு முன்னால் சோற்றை உருட்டி அவள் வாயில் ஒரு உருண்டை வைத்து, முகத்தைத் துடைத்து, ரிப்பனை இறுக்கிக் கட்டிவிட்டுப் போவார். அவ்வளவுதான் அவர்களுக்கு ஒரு நாளில்.

"வேன் வந்து நிக்கும் டீச்சர். எல்லாப் பிள்ளைகளும் எறங்கும். எம்மக மட்டும் எறங்க மாட்டா. அடுத்த நடையில வருவான்னு டிரைவர் அண்ணன் சொல்லும். அடுத்த நடையில வந்து எனக்கென்ன, நான் அப்ப மில்லுக்குள்ள நிக்கேன். மொத நாளு உருட்டுன சோத்த மில்லுக்குக் கொண்டு போயி நானே தின்னேன். ஞாயித்துக்கெழமையாச்சும் பாத்துக்கலாம்னு இருந்தேன். ஆளு இல்ல, வான்னு அன்னைக்கும் கூப்ட்டுட்டாக. ஷிப்ட்டும் மாத்தல. எம்மேல அவளுக்கு என்னமோ கோவம் போலன்னு ரோசிச்சு ரோசிச்சு, மிஷின்ல நூலு அந்துபோனது தெரியாம நின்னேன். ஏசுனாக."

அவர் என் முகத்தைப் பார்க்காமல், எதிரே இருந்த வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அவ அத்தகிட்டச் சொல்லிருக்கா, டீச்சர்தான் கடைசியா ஏறச் சொன்னாகன்னு. எம்புள்ள அப்பிடி என்ன தப்பு டீச்சர் செஞ்சா? எதுக்கு இம்புட்டு நாளு தண்டனை?"

அது தண்டனை இல்லை அம்மா, பெருமை என்று சொல்ல வேண்டும். சொல்லலாம்தான். சுவரில் அந்த அட்டை எங்கள் இரண்டு பேர் தலைக்கு மேலேயே ஒட்டியிருந்தது. வகுப்புக்குள் பிள்ளைகள் ராகம் போட்டு எதையோ கத்திக்கொண்டிருந்தார்கள். சொல்ல வாயெடுத்தேன், கண்ணில் நீர்தான் வந்தது. அவர் பதறிப்போய், "ஐயோ, நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல டீச்சர்" என்று என் கையைப் பிடித்தார். அந்தக் கை முழுக்க வெட்டு வெட்டாகக் காய்ப்பு.

மகளைக் கூப்பிட்டு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "பாடம் நடக்குல்ல. நடுவுல வந்து பாத்துட்டுப் போனா பொறவு அழும். சாயங்காலம் வேன்ல பாத்துக்கிறேன். அனுப்பி மட்டும் விடுங்க." சொல்லிவிட்டு, தூங்காத உடம்பை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்து போனார். நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வேனில் போகிற பிள்ளைகளை மட்டும் மரத்தடியில் வட்டமாக உட்கார வைத்தேன். அட்டை எதுவும் எடுக்கவில்லை. "இன்றைக்கு யார் யாருடைய அம்மா சாயங்கால ஷிப்ட்?" என்று கேட்டேன். இத்தனை நாள் அந்தப் பிள்ளைகளோடு பழகி, நான் முதல்முறையாகக் கேட்ட உருப்படியான கேள்வி அதுதான். சில கைகள் மேலே போயின. அதிகாரியின் கை போகவில்லை.

"உங்க அம்மாவும்தானே?" என்றேன்.

"ஆமா."

"பிறகு ஏன் கையைத் தூக்கவில்லை? இத்தனை நாள் ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

அவள் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினாள். "சாக்குச் சொல்லக் கூடாதுல்ல டீச்சர்" என்றாள். அந்தப் பெரிய குரல் அன்றைக்கு எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மற்ற பிள்ளைகள் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவே இல்லை. அவர்களுக்கு அது ரொம்பச் சுலபமான கணக்கு. அம்மா ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் முதல் நடை, அம்மா வீட்டில் இருக்கிறவர்கள் பொறவு வந்தால் போதும் என்று அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். ஷிப்ட் மாறினால் ஆளும் மாறிக்கொள்ளலாம். இரண்டாம் வகுப்புக் குட்டி ஒருத்தி மட்டும் எழுந்து நின்றாள். "எங்கம்மா திருப்பூர்ல இருக்கு. நான் எப்பவுமே ரெண்டாவது நடை போறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வேன் வந்தது. அதிகாரி சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "மொத நடையில ஏறுனா லீடர் இல்லைல்ல? இந்தாங்க" என்றாள். அதை வாங்கி மறுபடியும் அவள் சட்டையிலேயே குத்திவிட்டேன். "இன்றைக்கு வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போ. அம்மாவிடம் காட்ட வேண்டாமா?" என்றேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. இவ்வளவு நாள் அவள் லீடராக இருந்தும், அந்த பேட்ஜை அவள் அம்மா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அன்றைக்குத் தலைமையாசிரியையிடம் கெஞ்சி, மீதிப் பிள்ளைகளை அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நான் வேனில் ஏறினேன். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உங்களுக்கு முதல் நாளே தெரியும்தானே அண்ணாச்சி? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். "எல்லாரும் கையத் தட்டுறீங்க. அதுக்கு நடுவுல நான் என்னத்தச் சொல்ல?" என்றார். கதவுக்குப் புதுக் கொண்டி போட்டிருந்தார்.

ஊர் எல்லையில் ஒரு அடிபம்பு. அதன் பக்கத்தில் சாப்பாட்டுப் பையோடு பெண்கள் நின்றிருந்தார்கள். வேன் நின்றதும் டிரைவர் இறங்கினார். இறங்கி, ஒன்றும் ஆகாத பின் டயரை மெதுவாக உதைத்துப் பார்த்தார். குனிந்து பார்த்தார். மறுபடியும் உதைத்தார். தினமும் அப்படித்தான் செய்வாராம். டயர் எத்தனை நேரம் நன்றாக இருக்கிறதோ, அத்தனை நேரம் அம்மாக்களுக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கும்.

அதிகாரி இறங்கவில்லை, பாய்ந்தாள். அவள் அம்மா கையில் சோற்று உருண்டை தயாராக இருந்தது. காலையில் பார்த்தபோதிருந்த அதே சிவந்த கண்கள். தூங்கியிருக்கவே மாட்டார். மகள் நெஞ்சைத் தள்ளிக் காட்டி, "அம்மா, லீடர்!" என்று கத்தினாள். அவர் பேட்ஜை ஒரு கண்ணால் பார்த்தார். "இருக்கட்டும். மொதல்ல வாயத் தொற" என்றார். அவள் வாயைத் திறந்தாள். அவர் ஊட்டிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்து, இரண்டு ரிப்பனையும் அவிழ்த்து, தலை பின்னால் இழுபடுகிற மாதிரி இறுக்கிக் கட்டினார். பிறகு வேனில் ஏறி என் பின்னால் உட்கார்ந்தார். அவர் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டார். எனக்கும் தூக்கம் வந்தது.

மறுநாள் வீடியோ எடுக்க வந்தவருக்குக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. கடைசியில் நிற்கிற பிள்ளையை எடுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். அப்படி ஒரு பிள்ளை இங்கே கிடையாது என்றேன். மதுரையிலிருந்து போன் வந்தது. மாற்றலும் வந்தது. இப்போது நான் போவது வத்திராயிருப்பு, கூமாப்பட்டிப் பக்கம். முன்னைவிடத் தூரம், முன்னைவிட மோசமான பஸ். தோள் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ராஜபாளையம் பக்கத்தில் அந்த வேன் இப்போதும் இரண்டு நடையாகத்தான் போகிறது என்று டிரைவர் எப்போதாவது போனில் சொல்லுவார்.

அதே பைதான், அதே அட்டைகள்தான் என்னிடம் இருக்கின்றன. சம்பளம் வாங்குகிறேன், அதனால் நடத்துகிறேன். ஆனால் எந்தப் பள்ளிக்குப் போனாலும், அட்டையை வெளியே எடுப்பதற்கு முன்னால், உங்களுக்காக வீட்டில் யார் எந்த நேரத்தில் காத்திருப்பார்கள் என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டுவிடுகிறேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பிள்ளையை வரிசையின் கடைசியில் நிறுத்த இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.